வீட்டுப் பியர் பெட்டி: முதல் கிளாஸே குளிராக வரச் செய்வது எப்படி

குழாயைத் திறந்தால் முதல் கிளாஸ் முழுக்க நுரை. இரண்டாவதில் பாதி நுரை. மூன்றாவதுதான் ஒழுங்காக வருகிறது. கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் பழையபடி நுரை. சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்றுக்குள் கெக்கை, அதாவது பானம் நிரப்பிய உலோகப் பீப்பாயை வைத்து, மேலே டவரும் (பியர் ஏறிவரும் நிமிர்ந்த தண்டு) குழாயும் பூட்டி வீட்டில் பாவிக்கிறவர்களுக்கு இது தெரிந்த கரைச்சல். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர வெக்கையில் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

உடனே எல்லோரும் தெர்மோஸ்டாட் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்புவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குளிர்ந்த காற்று பாரம் கூடியது. அது பெட்டியின் அடியில் படுத்துக்கிடக்கும். டவரும் குழாயும் வெளியே, 30 பாகை வெக்கையில் நிற்கின்றன. குமிழைத் திருப்பினால் கெக்கின் அடி உறையத் தொடங்கும், குளிர்த்தட்டில் பனி கட்டும், கரண்ட் பில் ஏறும், மேலே குழாய் மட்டும் சூடாகவே இருக்கும். பெட்டியில் இருக்கிற குளிரை மேலே கொண்டுபோவதும், பெட்டி வெளியே தள்ளுகிற சூட்டைத் தடையில்லாமல் போக விடுவதும்தான் வேலை. கெக்கில் கடையில் வாங்கிய பியர் இருந்தாலும் வீட்டில் போட்ட இஞ்சிச் சோடா இருந்தாலும் செய்முறை ஒன்றே.

நேரக் கணக்கை முதலே சொல்லிவிடுகிறோம். அளந்து பார்க்க ஒரு நாள், வேலைக்கு மூன்று நான்கு மணி நேரம், சிலிக்கன் காய ஒரு நாள், திரும்ப அளக்க இன்னொரு நாள். ஒரே பின்னேரத்தில் முடிக்க நினைத்தால் எது பலன் தந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

1. எதையும் கழற்றமுன் அளந்து பாருங்கள்

வயர் நுனி உள்ள டிஜிட்டல் தெர்மோமீற்றர் இரண்டு வேண்டும். இரண்டு கிளாஸில் தண்ணீர் எடுத்து, ஒன்றைப் பெட்டியின் அடியிலும் மற்றதைக் கெக்கின் தலைக்குப் பக்கத்திலும் வையுங்கள். நுனிகளைத் தண்ணீருக்குள் விட்டுக் கதவைச் சாத்தி 12 மணி நேரம் திறக்காதீர்கள். நுனியைச் சும்மா காற்றில் தொங்கவிட்டால் கொம்பிரசர் ஓடும்போது ஒரு எண்ணும் நிற்கும்போது வேறொரு எண்ணும் காட்டும். அந்த எண்ணால் பயனில்லை.

பிறகு முதல் கிளாஸை ஊற்றி அதன் வெப்பநிலையையும் பாருங்கள். மூன்று எண்களும் பிழை எங்கே என்று சொல்லிவிடும்.

மேலும் கீழும் 3 பாகைக்கு மேல் வித்தியாசம் என்றால் உள்ளே காற்று சுற்றவில்லை: படி 5. இரண்டுமே 7, 8 பாகையில் நின்றால் பெட்டிக்குச் சூட்டை வெளியேற்ற முடியவில்லை: படி 3, 4. இரண்டும் 3 பாகை காட்டியும் கிளாஸில் 10 வந்தால் கோளாறு டவரில்: படி 6.

பின்னேரம் 2 மணிக்கு ஒருமுறை, விடிய 5 மணிக்கு ஒருமுறை அளந்து தாளில் எழுதி வையுங்கள். கூரைத் தகட்டுக்குக் கீழே உள்ள குசினியில் இந்த இரண்டு நேரத்துக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

2. தாள்கள், சாமான்கள், செலவு

முதலில் ஃப்ரிட்ஜின் வாறண்டி அட்டையை எடுத்து வாசியுங்கள். உடம்பில் துளை போட்டால் வாறண்டி போய்விடும் என்று பெரும்பாலும் இருக்கும். வாறண்டி இன்னும் ஓடுகிறதென்றால் துளை போடாமலே செய்யும் வழியைக் கீழே பாருங்கள்.

அடுத்தது பெட்டியின் பின்பக்கத்தில் ஒட்டியுள்ள லேபல். அதில் காலநிலை வகை ஆங்கில எழுத்தில் இருக்கும். ‘என்’ (N) என்றால் அறை 32 பாகை வரை, ‘எஸ்டி’ (ST) என்றால் 38 வரை, ‘டி’ (T) என்றால் 43 வரை தாங்கும். ‘என்’ வகைப் பெட்டியைக் கல்லடியிலோ அக்கரைப்பற்றிலோ மத்தியான வெக்கையில் வைத்து 3 பாகை எதிர்பார்க்க முடியாது. இனித்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ‘டி’ எழுத்தைத் தேடி வாங்குங்கள். அதே லேபலில் ‘ஆர் 600ஏ’ என்று இருந்தால் உள்ளே ஓடுவது தீப்பற்றும் வாயு. குழாயில் ஓட்டை விழுந்தால் ஆபத்து. பற்றவைப்பு வேலை எதையும் நீங்களே செய்யாதீர்கள்.

பியரைத் தள்ளும் காபனீரொட்சைட்டு சிலிண்டர் வாங்கிய பற்றுச்சீட்டையும் வைப்புப் பணம் கட்டிய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். சிலிண்டரின் தோளில் பரிசோதித்த திகதி அடித்திருக்கும். அது இல்லாத சிலிண்டரை எடுக்க வேண்டாம். பியர் கெக் என்றால் பில் கையில் இருக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவதும் விற்பதும் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ விருந்தினர் அறை நடத்துகிறவர்கள், ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்துக் காசு வாங்கமுன் மதுவரித் திணைக்கள அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

சாமான்களில் பாதி வீட்டிலேயே கிடக்கும். பழுதான இன்டர்நெட் ரவுட்டரின் 12 வோல்ற் அடப்டர் ஒன்று. பழைய கொம்பியூட்டரில் கழற்றிய 120 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்று. கொம்பியூட்டர் திருத்தும் கடைகளில் மலிவாகத் தருவார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியவை: காற்றை ஒரு வாய் வழியாக ஊதித் தள்ளும் 12 வோல்ற் ஊதி ஒன்று, வயரிங் வேலைக்குப் பாவிக்கும் வளையும் குழாய் ஒரு மீற்றர், ஏசி பூட்டுகிறவர்கள் செப்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக் குழாய், சிலிக்கன் ஒரு டியூப். வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவிதான் இதில் விலை கூடியது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது தேவைப்படாமலே போகும்.

கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 12 வோல்றில் 0.2 அம்பியர் எடுக்கும் ஃபேன் 2.4 வாற். அடப்டரின் இழப்பையும் சேர்த்து 3 வாற் என்று வைத்தாலும் இரவு பகல் ஓடி மாதத்துக்கு 2 யூனிட் அளவுதான்.

3. பெட்டிக்கு வெளியே சூடு போக வழி விடுங்கள்

உள்ளே எடுத்த சூட்டைப் பெட்டி பின்பக்கக் கம்பிச் சட்டத்தாலோ பக்கச் சுவர்களாலோ வெளியே விடுகிறது. பின்பக்கம் 10 சென்ரிமீற்றர், பக்கங்களில் 5 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். பின்னால் கம்பிச் சட்டம் எதுவும் இல்லாத பெட்டிகளில் சூட்டுக் குழாய் பக்கச் சுவருக்குள் ஓடும். கை வைத்தால் சுடும். அது பழுது இல்லை. அந்தச் சுவரில் அரிசி மூட்டையைச் சாய்த்து வைப்பதுதான் பிழை.

அலுமாரிக்குள் பொருத்தியிருந்தால் கீழே ஒரு வாயும் மேலே ஒரு வாயும் வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 10க்கு 20 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். மேல் வாய் மட்டும் வெட்டினால் போதாது. சூடு மேலே போக, கீழிருந்து புதுக் காற்று வர வேண்டும். சரிபார்க்க ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கீழ் வாயில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டு மேல் வாயால் வெளியே வந்தால் சரி. அங்கேயே வட்டமடித்து நின்றால், மேல் வாயில் 120 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்றை வெளியே தள்ளும் பக்கமாகப் பூட்டுங்கள். ‘ஆர் 600ஏ’ பெட்டி என்றால், வாயு கசிகிற சந்தேகம் சிறிதும் இல்லாதபோது மட்டும் இந்த ஊதுபத்திச் சோதனையைச் செய்யுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று உப்புக் காற்று. கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள வீடுகளில் செப்புக் குழாயின் முட்டுகளில் பச்சையாகவும், கம்பிச் சட்டத்தில் செம்மண் நிறமாகவும் பொருக்கு ஏறும். அதன் மேல் குசினி எண்ணெய்ப் புகையும் தூசியும் படிந்தால் கம்பளி போர்த்திய மாதிரி. மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழே தட்டி, ஈரத் துணியால் துடைத்துக் காய விடுங்கள். கடல் பக்க யன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள்.

4. கதவு றப்பரும் பனியும்

ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வர வேண்டும். நான்கு பக்கமும் இப்படிப் பார்த்து, வழுக்கி வரும் இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து றப்பரை இளக்கி, கதவைச் சாத்தி இரவு முழுக்க விடுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் றப்பரை மாற்ற வேண்டியதுதான்.

குளிர்த்தட்டில் பனி 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் கரைத்துவிடுங்கள். பனி குளிரைத் தருவதில்லை, குளிரை மறிக்கிறது. கத்தியால் கொத்தாதீர்கள், ஒரு குத்தில் குழாய் ஓட்டையாகிவிடும். பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு சட்டி வெந்நீர் வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாகக் கழரும்.

5. உள்ளே ஒரு சின்ன ஃபேன்

கொம்பிரசருக்கு மேலே உள்ள மேடையில், கெக்கிலிருந்து 3 சென்ரிமீற்றராவது தள்ளி, மேல்நோக்கி ஊதுமாறு 120 மில்லிமீற்றர் ஃபேனை வையுங்கள். அடிக் குளிர் மேலே போகும், மேல் சூடு கீழே இறங்கும். தெர்மோஸ்டாட்டின் உணர்குமிழுக்கு நேரே ஊதக் கூடாது. கொம்பிரசர் நேரத்துக்கு முன்னமே நின்றுவிடும்.

230 வோல்ற் மேசை ஃபேன், எக்ஸோஸ்ட் ஃபேன் எதையும் உள்ளே வைக்காதீர்கள். ஈரத்தில் கரண்ட் அடிக்கும் என்பது ஒன்று. அது எடுக்கும் கரண்ட் முழுவதும் பெட்டிக்குள் சூடாகவே மாறும் என்பது இன்னொன்று. சின்னப் பெட்டியின் குளிரூட்டும் வலுவில் நல்ல பங்கை அதுவே தின்றுவிடும்.

வயரைக் கொண்டுவரத் துளை தேவையில்லை. தட்டையான மெல்லிய வயரைப் பிணைச்சல் பக்கத்துக் கதவு றப்பருக்கு அடியால் விட்டு உள்ளே கொண்டுவரலாம். அடப்டர் வெளியே இருக்கட்டும், 12 வோல்ற் மட்டும் உள்ளே போகட்டும். சிவப்பு நேர், கறுப்பு மறை. மூன்றாவதாக மஞ்சள் வயர் இருந்தால் அதன் நுனிக்கு டேப் சுற்றி விட்டுவிடுங்கள். முட்டுகளைச் சிலிக்கனால் மூடாவிட்டால் சில மாதத்தில் பச்சை பிடித்து அறுந்துவிடும்.

ஃபேன் இருந்தால் புதுக் கெக்கும் கெதியாகக் குளிரும். ஆனாலும் அவசரப்படாதீர்கள். 19 லீற்றரை 30 பாகையிலிருந்து 3க்கு இறக்க ஏறக்குறைய 0.6 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். சின்னப் பெட்டிக்கு அது ஒரு முழு நாள் வேலை. இரவு வைத்துவிட்டு விடியப் பார்த்து “குளிரவில்லை” என்று குமிழைத் திருப்புவதில்தான் பாதிக் கரைச்சல் ஆரம்பிக்கிறது.

6. டவருக்குள் குளிரை ஏற்றுங்கள்

முழு வேலையிலும் பலன் அதிகம் தருவது இந்தப் படி. இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பியர்க் குழாயின் ஒரு மீற்றரில் பிடிப்பது 20 மில்லிலீற்றர்தான். டவருக்குள் நிற்பது அதிலும் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கும், பியர்க் குழாய் போய்ப் பூட்டும் சூடான பித்தளை முட்டும், ஊற்றும் குழாயின் இரும்பும் சேர்ந்து முதல் கிளாஸை நுரையாக்கப் போதும். சூடு பட்டவுடன் கரைந்திருக்கும் வாயு வெளியே பாய்கிறது.

சாதாரண கொம்பியூட்டர் ஃபேனில் ஒரு குழாயை ஒட்டி மேலே விட்டால் எதுவும் நடக்காது. அந்த இறக்கைகளுக்குக் காற்றைப் பரவலாகத் தள்ளத்தான் தெரியும். ஒடுங்கிய குழாய்க்குள் அழுத்தித் தள்ள வலு இல்லை. அதற்குத்தான் நத்தை வடிவில் இருக்கும் ஊதி. 75 அல்லது 97 மில்லிமீற்றர் அளவு போதும்.

ஊதியைப் பெட்டியின் அடியில் வையுங்கள். குளிர் அங்கேதான் இருக்கிறது. அதன் வாய் சதுரம், காற்றை மேலே கொண்டுபோகும் வளையும் குழாய் வட்டம். இரண்டையும் பொருத்த ஒரு பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அகன்ற பக்கத்தை ஊதியின் வாயில் சூடாக்கி அமுக்கி, சிலிக்கன் பூசுங்கள். சிலிக்கனைப் பெட்டிக்கு வெளியே வைத்து ஒரு நாள் காய விடுங்கள். காயாமல் உள்ளே வைத்தால் வினாகிரி மணம் வாரக்கணக்கில் போகாது.

இந்தக் காற்றுக் குழாயின் மேல் நுனி, டவருக்குள் பியர் முட்டுக்கு 3 சென்ரிமீற்றர் கீழே நிற்கட்டும். முட்டித் தொட்டுவிட்டால் வாய் அடைபடும்.

இனிப் பலரும் மறந்துபோவது: மேலே போன காற்று திரும்பி இறங்க வழி வேண்டும். டவருக்குக் கீழே உள்ள துளை 50 மில்லிமீற்றர் என்றால் பரப்பு 1960 சதுர மில்லிமீற்றர். 25 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள காற்றுக் குழாய் 490ஐ எடுக்கும், பியர்க் குழாய் 80 அளவு எடுக்கும். மிச்சம் 1390, தாராளம். துளை 30 மில்லிமீற்றராக இருந்தால் மொத்தமே 707. அதே குழாயை விட்டால் திரும்ப 137தான் மிஞ்சும், காற்று நின்றுவிடும். அப்போது 16 மில்லிமீற்றர் குழாயை விடுங்கள். 427 மிஞ்சும், வேலை செய்யும்.

துளையைப் பெருப்பிக்க நினைத்தால் மேல்தட்டில் சூட்டுக் குழாய் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்துத் திரும்பப் போட்டு, மேல்தட்டை ஈரத் துணியால் ஒருமுறை துடையுங்கள். குழாய் ஓடும் கோடு முதலில் காயும். பென்சிலால் அடையாளம் போடுங்கள். பக்கச் சுவரில் எக்காரணம் கொண்டும் துளை போடாதீர்கள்.

கடைசியாக, வாங்கி வைத்த கறுப்பு நுரைக் குழாய். டவரின் உட்சுவரைச் சுற்றிக் கறுப்பு நுரையை ஒட்டுங்கள். காற்றுக் குழாயும் பியர்க் குழாயும் அதற்கு உள்ளே நிற்கட்டும். நுரை இல்லாமல் குளிரை ஏற்றினால் டவரின் வெளிப்பக்கம் வியர்க்கும். நமது கரையோரக் காற்றில் ஈரம் அவ்வளவு அதிகம்; 24 பாகைக்குக் கீழே போன எந்த உலோகத்திலும் தண்ணீர் கோர்க்கும். மேசைப் பலகை ஊறி உப்பும். டவரின் அடித்தட்டுக்கும் பெட்டியின் மேல்தட்டுக்கும் இடையில் ஒரு நுரை வளையம் வைத்தால் அந்த வழியால் குளிர் கசிவதும் நிற்கும்.

ஊதியைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து முட்டில் தெர்மோமீற்றர் நுனியைத் தொடுங்கள். பெட்டியின் உள் வெப்பநிலையைவிட 3, 4 பாகை கூடுதலாக இருந்தால் வேலை சரி. வெளியே நீட்டி நிற்கும் குழாய் மூக்கு அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். அதை மாற்ற முடியாது. கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி எடுத்தால் போதும்.

ஊதி கிடைக்கவில்லையா? 15 மில்லிமீற்றர் செப்புக் குழாய் ஒன்றுக்குள் பியர்க் குழாயை விட்டு, அதன் கீழ் முனையைப் பெட்டிக்குள் நன்றாக இறக்குங்கள். செம்பு குளிரை மேலே கடத்தும். ஊதியின் அளவுக்கு வராது, ஆனால் கரண்டும் இல்லை, சத்தமும் இல்லை.

7. வெப்பநிலைக் கட்டுப்பாடு

இவ்வளவும் செய்த பிறகும் எண் ஏறி இறங்கினால் மட்டும் வெளிக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்குங்கள். 3 பாகை, வித்தியாசம் 1.5, கொம்பிரசர் தாமதம் 5 நிமிடம் என்று வையுங்கள். உணர்நுனியைக் கெக்கின் நடுவில் டேப்பால் ஒட்டி, மேலே ஒரு நுரைத் துண்டை வைத்து மூடுங்கள். 230 வோல்ற் வயரிங்கை ஒரு மின்னியலாளரிடம் கொடுங்கள். இன்வேர்ட்டர் கொம்பிரசர் உள்ள பெட்டிக்கு இந்தக் கருவி பொருந்தாது. கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்தால் அதன் பலகை பழுதாகும்.

8. காஸ் அமுக்கத்தையும் பார்த்துவிடுங்கள்

3 பாகையில் 12 பிஎஸ்ஐ (அமுக்கத்தின் அளவு), 5 மில்லிமீற்றர் குழாய் 2 முதல் 3 மீற்றர் என்றால் ஊற்று ஒழுங்காக இருக்கும். அதே பியர் 10 பாகையில் இருந்தால் வாயுவைக் கரைந்த நிலையில் பிடித்துவைக்க 18 பிஎஸ்ஐ அளவு வேண்டும். அதனால்தான் குளிரைச் சரிசெய்யாமல், சிலிண்டரின் அமுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேற்றரைத் திருகி நுரையைக் குறைக்க முடியாது.

சிலிண்டரைப் பெட்டிக்குள் வைத்தால் அதன் மீற்றர் அறையில் காட்டிய 1000 பிஎஸ்ஐக்கு அண்மிய எண்ணிலிருந்து 550 அளவுக்கு இறங்கும். காஸ் முடிந்துவிட்டதென்று கொண்டு ஓடாதீர்கள். குளிரில் அமுக்கம் குறைகிறது, அவ்வளவுதான். மிச்சம் அறிய சிலிண்டரைத் தராசில் நிறுங்கள். முட்டுகளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பாருங்கள். காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரம்; மூடிய சின்ன அறையில் கசிந்தால் தரையோடு தேங்கி மூச்சை முட்டச் செய்யும். பிள்ளைகள் படுக்கும் அறையில் பெட்டியை வைக்கவே வேண்டாம். சிலிண்டரை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது.

9. கச்சான், மாரி, கரண்ட் வெட்டு

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அறை கொதிக்கும், தூசியும் கூட வரும். அப்போது பின்பக்கத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூரிகையால் தட்டுங்கள். மாரியில் வெக்கை குறையும், ஈரம் ஏறும். பனி கெதியாகக் கட்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டு டப்பா ஒன்று வைத்து, நிறையும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அது ஃபேனில் சிந்தாத இடத்தில் இருக்கட்டும்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய கெக் இரண்டு மணி நேரத்தில் ஒன்றிரண்டு பாகைதான் ஏறும். கரண்ட் வந்தவுடன் கொம்பிரசர் ஓடக் கூடாது. தாமதக் கருவி இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றி வைத்து 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். ஃபேனும் ஊதியும் திரும்ப ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். கிர் என்ற சத்தம் வரத் தொடங்கினால் அச்சு துருப்பிடித்துவிட்டது, நின்றுபோகமுன் மாற்றிவிடுங்கள். உப்புக் காற்றில் இவை நெடுநாள் வராது. மேலதிகமாக ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் பாவிக்கப் போவதில்லை என்றால் கெக்கை வெளியே எடுத்து, பியர்க் குழாயைக் கழுவி, பெட்டியைத் துடைத்து, கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகித் திறந்தபடி விடுங்கள்.